நைடதம் முதல் ஓநாய்த் தெய்வம் வரை: தொடர் வாசகரின் குறிப்பேடு



சென்ற சாரல் பருவத்தில் ஒரு நாள், வடகரையிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருவரின் குறிப்பேடு நம் கைக்கு வந்து சேர்ந்தது. இலக்கணப் பாடக் குறிப்பைத்தான் கேட்டிருந்தோம். அவர் அவசரத்தில் வேறொரு நோட்டைத் தந்துவிட்டார். பிரித்துப் பார்த்தால் நன்னூல் இல்லை. ஜப்பானிய லைட் நாவல் தொடர் ஒன்றின் ஒவ்வொரு தொகுதியைப் பற்றியும் பக்கம் பக்கமாக அபிப்பிராயங்கள் எழுதப்பட்டிருந்தன. மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகம் சிவந்து, "ஐயா, அது சும்மா கதைப் புஸ்தகம் பத்தி எழுதினது, கிழிச்சுப் போட்டுடுதேன்" என்றார். கிழிக்க வேண்டாம் என்று சொல்லி, அவர் அனுமதியுடன் நகல் எடுத்து வைத்துக்கொண்டோம்.

லைட் நாவல் என்பதை அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். ஜப்பானில் இளையோரை மனத்திற்கொண்டு, கையடக்க அளவில், இடையிடையே ஓவியங்களுடன், தொகுதி தொகுதியாக வெளிவரும் கதைகள் இவை. மாயமும் மந்திரமும் வேற்றுலகப் பயணமும் இவற்றில் மிகுதி. நம் மாணவி படித்தது ஹசெக்குரா இசுனா எழுதிய 'ஸ்பைஸ் அண்ட் வுல்ஃப்' என்னும் தொடர். முதல் தொகுதி 2006இல் வெளிவந்தது. கோதுமை வயலைக் காக்கும் ஓநாய்த் தெய்வமாகிய ஹோலோ, வண்டியோட்டிச் செல்லும் வணிகன் லாரன்சுடன் வடதிசை நோக்கிப் பயணம் செய்வதே கதை. வாளும் போரும் இங்கு அரிது. நாணயத்தில் உள்ள வெள்ளியின் அளவு மாறப்போகிறது என்ற வதந்தியை வைத்து நிகழும் வணிகச் சூழ்ச்சிதான் முதல் தொகுதியின் முடிச்சு. 2011இல் பதினேழாம் தொகுதியுடன் கதை நிறைவுற்றது. 2016இல் மீண்டும் தொடங்கியது. இருவரும் மணம் புரிந்து, வெந்நீர் ஊற்று உள்ள ஊரொன்றில் குளியல் விடுதி நடத்தும் பிற்கால வாழ்க்கையைப் புதிய தொகுதிகள் கூறுகின்றன.

அப்புதிய தொகுதிகளைப் பற்றித்தான் மாணவியின் குறை முழுவதும். பயணம் இருந்தவரை ஒவ்வோர் ஊரிலும் ஒரு முடிச்சு இருந்தது. விடுதி நடத்தத் தொடங்கியபின் சாப்பிடுகிறார்கள், குளிக்கிறார்கள், கொஞ்சிக்கொள்கிறார்கள், அவ்வளவே என்று எழுதியிருக்கிறார். 'குத்தாலத்துல சீசனுக்குத் தங்கின மாதிரி இருக்கு' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. ஓட்டமாய் ஓடிய கதை மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டது என்பது அவர் தீர்ப்பு. எனினும் அடுத்த தொகுதிக்காகக் காத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்தவுடன் நம் நினைவு நேரே நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றது. அதற்குக் காரணம் இந்த மண்தான்.

தென்காசியைத் தலைநகராகக் கொண்ட பிற்காலப் பாண்டியருள் அதிவீரராம பாண்டியர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். காசிகாண்டம், கூர்ம புராணம், பள்ளிப் பிள்ளைகளெல்லாம் மனப்பாடம் செய்த வெற்றிவேற்கை ஆகியவற்றை இயற்றியவர். நளன் கதையை அவர் நைடதமாகப் பாடினார். அன்னம் தூது போகிறது, தேவர்கள் நளனுடைய உருவில் வந்து அமர்கிறார்கள், கலி ஒருவனைப் பீடிக்கிறான், பாம்பு கடித்து உருவம் மாறுகிறது. இன்றைய இளைஞர் 'ஃபேண்டசி' என்று சொல்வதில் இதில் இல்லாதது எது?

நூலை இயற்றிய அதிவீரராமர், கரிவலம்வந்தநல்லூரிலிருந்த தம் தமையன் முறையினரான வரதுங்கராம பாண்டியருக்கு அதனை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார் என்றும், வரதுங்கரின் தேவியார் அதனைப் படித்துவிட்டு, இது வேட்டை நாயின் ஓட்டத்தைப் போன்றது, தொடக்கத்தில் விரைந்து பாய்ந்து போகப் போக இளைத்துவிடுகிறது என்னும் கருத்துப்படச் சொன்னார் என்றும் புலவர் மரபில் ஒரு கதை வழங்குகிறது. அதிவீரராமர் சினங்கொண்டார் என்றும் கதை தொடரும். இது செவிவழிச் செய்தியே. கல்வெட்டுச் சான்று எதுவும் இதற்குக் கிடையாது. ஆயினும் மரபு தன் நினைவில் இப்படியொரு கதையை ஏன் வைத்திருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்று ஒருபுறம் புகழ்ந்துகொண்டே, மறுபுறம் ஒரு பெண் வாசகரின் கறாரான குறையையும் அது விடாமல் சுமந்து வந்திருக்கிறது.

அந்தக் குறையில் நியாயம் உண்டா? உண்டு என்பது நம் எண்ணம். வடமொழியில் ஸ்ரீஹர்ஷர் இயற்றிய நைஷதம் இருபத்திரண்டு சருக்கங்கள் நடந்தும் திருமணத்தையும் அதன்பின் வந்த இன்பத்தையும் தாண்டவில்லை. சூதும் காட்டில் பிரிவும் அதில் இல்லை. அதிவீரராமரோ நளன் நாடு மீள்வது வரை முழுக்கதையையும் பாடினார். மணம்வரை அலங்காரம் கொழிக்கும் நடை, பின்பகுதியில் கதையைச் சொல்லி முடிக்கும் நடையாக மாறுவது படிப்போர்க்குத் தெரியும். ஸ்ரீஹர்ஷர் மணத்தோடு நின்றுகொண்டார். ஜப்பானியர் அங்கே நிற்காமல், ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வந்து மணத்திற்குப் பிந்திய கதையை எழுதுகிறார். மணவறைக்குப் பின் கதையை என்ன செய்வது என்பது எழுதுவோர்க்கெல்லாம் பெருந்தொல்லையாகவே இருந்திருக்கிறது போலும்.

இனித் தொடர்கதைக்கு வருவோம். தமிழில் மாத இதழ் வழியே தவணை தவணையாக நாவல் படிக்கும் வழக்கத்தை வேரூன்றச் செய்தவற்றுள் முதன்மையானது பி.ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம். 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் 1895 வரை வந்தது. அதன்பின் ரெயினால்ட்ஸ் தழுவல்கள், ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார் என்று ஒரு வெள்ளம். தனித்தமிழ் கண்ட மறைமலையடிகளே ரெயினால்ட்ஸைத் தழுவிக் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை 1911இல் எழுதினார் என்றால், அந்த வெள்ளத்தின் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

வடகரைக்கு இந்த வெள்ளம் வந்து சேர்ந்தது 'கல்கி'யின் வழியாக. அதாவது, நம் குடும்பத்தைப் பொறுத்தவரை. நம் தாய்மாமா செங்கோட்டை ரயில் நிலையம் வரை சென்று இதழை வாங்கி வருவாராம். 1950 அக்டோபரில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது அவருக்கு வயது இருபது. வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு அடுக்கி, இறுதியில் பைண்டு செய்து வைத்தார். தமிழகத்தில் அக்காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்த வேலைதான் இது. நம் மாமா கூடுதலாக ஒன்று செய்தார். ஒவ்வோர் அத்தியாயத்தின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு வரி எழுதினார்.

1990களில் பள்ளி மாணவராக இருந்தபோது நாம் அந்தக் கட்டுகளைப் படித்தோம். 'இந்த வாரம் ஒன்றுமில்லை.' 'ஆழ்வார்க்கடியான் வாய் ஓயாது.' 'பழுவேட்டரையர் பாவம்.' இப்படிப் பல. நமக்கு மறக்க முடியாதது ரவிதாசன் வரும் இடத்தில் எழுதியிருந்தது: 'நம்ம ஆளு மாட்டிக்கிடுவானோ?'

கதையில் ரவிதாசன் கொலைச்சதிகாரன், பாண்டிய ஆபத்துதவி. ஆதித்த கரிகாலன் வீரபாண்டியனின் தலையைக் கொண்டதற்குப் பழிவாங்க வந்தவன். சோழநாட்டு வாசகர்க்கு அவன் வில்லன். பாண்டியரின் கடைசித் தலைநகருக்குப் பக்கத்து ஊர்க்காரரான நம் மாமாவுக்கோ அவன் 'நம்ம ஆளு'! கல்கி இதை எதிர்பார்த்திருப்பாரா என்பது ஐயமே.

ரவிதாசன் முழுக் கற்பனையும் அல்லன். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைச் சுட்டி, அவர்தம் உறவினரின் உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தியைக் கூறுகிறது. பஞ்சவன் என்பது பாண்டியனுக்குரிய பெயர். ஆனால் இவர்கள் பெற்றிருந்த பட்டங்களோ சோழ அரசு அதிகாரிகளுக்குரியவை. கல்வெட்டு கொலைக்கான காரணத்தைச் சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் ஐயத்தை உத்தம சோழன் பக்கம் திருப்பினார். கல்கி பாண்டியர் பக்கம் திருப்பினார். நந்தினி என்ற பாத்திரத்துக்கோ வரலாற்றில் இடமே இல்லை. ஆண்டுதோறும் தேர்வுத்தாளில் நந்தினியைச் சோழர் வரலாற்றில் சேர்த்து எழுதும் மாணவர் ஒருவரேனும் நமக்கு வாய்க்கிறார். 2022, 2023இல் திரைப்படம் வந்தபின் இந்த எண்ணிக்கை குறைந்தபாடில்லை.

தொடர் 1954இல் முடிந்தபோது வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. ஐந்து பாகங்களுள் தொண்ணூற்றொரு அத்தியாயங்கள் கொண்ட ஐந்தாம் பாகமே மிகப்பெரியது. ஆயினும் கதை திடீரென்று முடிந்துவிட்டதாகவும், இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்றும் கேள்விகள் குவிந்தன. கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல நேர்ந்தது. இன்று அச்சாகும் பதிப்புகளிலும் அம்முடிவுரை இருக்கிறது. வாசகர் அபிப்பிராயம் நூலின் உடம்பிலேயே ஓர் உறுப்பாக ஒட்டிக்கொண்ட அரிய சான்று என்று இதனை நாம் கருதுகிறோம். நாவலாராய்ச்சி செய்வோர் இம்முடிவுரையைப் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுகின்றனர்.

அதே 1954இன் பிப்ரவரியில் குற்றாலத்து ரசிகமணி டி.கே.சி. மறைந்தார், டிசம்பரில் கல்கியும் மறைந்தார். இருவரும் நெருங்கிய நண்பர்கள். கல்கி குற்றாலம் வந்து டி.கே.சி.யின் விருந்தோம்பலிலும் அருவியிலும் திளைத்தவர். டி.கே.சி.யை இங்கு நாம் இழுத்து வருவதற்கு நட்பு மட்டுமே காரணமன்று. கம்பனின் ஒவ்வொரு பாடலையும் தனித்தனியே நிறுத்து, இது கம்பன் வாக்கு, இது இடைச்செருகல் என்று தீர்ப்புச் சொன்னவர் அவர். ஆயிரக்கணக்கான பாடல்களை ஒதுக்கினார் என்று புலவர்கள் கொதித்தனர். அக்கொதிப்பில் நமக்கும் பாதி உடன்பாடு உண்டு. காவியத்தின் கட்டுக்கோப்பை இப்படிப் பாட்டுப் பாட்டாகப் பிரித்து அளக்க முடியாது. ஆனால் முழுமையைக் கருதாமல், கைக்கு வந்த பகுதி தன்னளவில் சுவைக்கிறதா என்று கேட்பதுதானே தொடர்கதை வாசகரின் முறையும்? இதே ஊரில் கம்பனுக்கு அது செய்யப்பட்டால் ரசனை என்கிறோம். வார இதழுக்குச் செய்யப்பட்டால் பொழுதுபோக்கு என்கிறோம்.

க.நா.சு. முதலியோர் தொடர்கதையை இலக்கியக் கணக்கில் சேர்க்க மறுத்தனர். அவர்கள் எழுத்தைப் பற்றிச் சொன்னதில் உண்மை மிகுதி. இழப்பு வேறிடத்தில் நிகழ்ந்தது. தொடரை ஒதுக்கியபோது தொடர் வாசகரையும் சேர்த்து ஒதுக்கிவிட்டோம். நூல் முழுவதும் வெளிவந்தபின் எழுதப்படும் மதிப்புரைக்கு முடிவு தெரியும். ஓரத்தில் பென்சிலால் எழுதியவருக்கு முடிவு தெரியாது. ரவிதாசன் மாட்டுவானா என்று அவர் மெய்யாகவே ஒரு வாரம் கவலைப்பட்டார். அந்தக் கவலையின் வரலாற்றை எழுத நம்மிடம் ஆவணம் இல்லை. 'அம்புலிமாமா'வின் மாயக் கதைத் தொடர்களை எத்தனை தலைமுறை படித்தது! அவற்றுட் பலவற்றைத் தெலுங்கில் எழுதிய தாசரி சுப்பிரமணியத்தின் பெயரைக்கூட இதழ் அச்சிடவில்லை. எழுதியவருக்கே அந்த நிலையென்றால் படித்தவரைக் கேட்பானேன்.

நம் மாமாவின் கட்டுகளுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறோம். நாம் கல்லூரியில் படித்தபோது, முதுகுத் துணி கிழிந்துபோயிற்று என்று அவற்றை மறுபடி பைண்டு செய்யக் கொடுத்தோம். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. பைண்டர் அழகாக இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் நறுக்கிவிட்டார். பளபளவென்று ஐந்து கட்டுகள் வந்தன. பென்சில் வரிகளிற் பெரும்பாலானவை போயின. அவரைக் குறை சொல்வதற்கில்லை, நறுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாமா அப்போது உயிரோடிருந்தார். பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்ல இருக்கு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாம் மேலே கொடுத்த வரிகள் நினைவிலிருந்து எழுதியவை. 'நம்ம ஆளு' மட்டும் பாதி மிஞ்சியிருக்கிறது: 'மாட்டிக்கிடு' வரை.

மாணவியின் குறிப்பேட்டில் ஓர் இடத்தில் நாம் அவரோடு மாறுபடுகிறோம். இத்தொடரின் கிளைத்தொடர் ஒன்றும் 2016 முதல் வெளிவருகிறது. ஓநாயின் மகளும், சமய நூலை மக்கள் பேசும் மொழிக்கு ஆக்க முனையும் ஓர் இளைஞனும் அதன் தலைமாந்தர். மொழிபெயர்ப்புப் பேச்சு வரும் பக்கங்கள் சலிப்பூட்டுகின்றன, தள்ளிவிட்டுப் படித்தேன் என்று அவர் எழுதியிருக்கிறார். சமய நூலைத் தமிழாக்குவதற்காக எத்தனையோ பேர் வாழ்நாளைச் செலவிட்ட திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் தள்ளக்கூடிய பக்கங்களா அவை? வகுப்பு முடிந்தபின் இதைச் சொன்னோம். "நீங்க அதைப் படிச்சீங்களா ஐயா?" என்று கேட்டார். முதல் இரண்டு தொகுதிகளை மட்டும் என்றோம். அப்படியானால் ஐந்தாவது வரை படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்று சொல்லாமல் சொல்லி நின்றார்.

மூன்றாம் தொகுதியை இப்போது படித்துக்கொண்டிருக்கிறோம். ஓரத்தில் எழுத ஒரு பென்சிலும் வைத்திருக்கிறோம்.