மிதவெப்பமண்டல இலையுதிர் காடு

மிதவெப்பமண்டல இலையுதிர் காடு என்பது குளிர்காலத்துக்கு முன் இலைகளை உதிர்த்து, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும் அகன்ற இலை மரங்களைக் கொண்ட காடு ஆகும். உலகின் முதன்மையான பல்லுயிர்த் தொகுதிகளுள் இதுவும் ஒன்று.

உலகின் பல்லுயிர்த் தொகுதிகள்

ஒத்த காலநிலையும் அதற்கேற்ற தாவரங்களும் விலங்குகளும் கொண்ட பெரும் நிலப்பரப்பு பல்லுயிர்த் தொகுதி எனப்படும். தூந்திரா, ஊசியிலைக் காடு, இலையுதிர் காடு, புல்வெளி, பாலைவனம், வெப்பமண்டல மழைக்காடு என்பன இவற்றுள் முக்கியமானவை. ஓரிடத்தில் எவ்வகைத் தொகுதி அமையும் என்பதை வெப்பநிலையும் மழையளவுமே பெரிதும் தீர்மானிக்கின்றன.

முதுமலை போன்ற வெப்பமண்டலக் காடுகளில் தேக்கு முதலிய மரங்கள் வறட்சியைத் தாங்குவதற்காக இலை உதிர்க்கின்றன. மிதவெப்பமண்டலத்திலோ இலை உதிர்வுக்குக் குளிரே காரணம்.

பரவல்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி, மேற்கு மற்றும் நடு ஐரோப்பா, சீனா, கொரியா, சப்பான் ஆகிய இடங்களில் இக்காடுகள் உள்ளன. ஆண்டு மழையளவு பொதுவாக 750 முதல் 1500 மி.மீ. வரை இருக்கும். ஓக், மேப்பிள், பீச் ஆகியன முக்கிய மரங்களாகும்.

இலை உதிர்தல்

மண்நீர் உறையும் குளிர்காலத்தில் வேர்களால் போதிய நீரை உறிஞ்ச இயலாது. அகன்ற இலைகள் அப்போதும் இருந்தால் மரம் நீரை இழந்து வாடும். எனவே பகற்பொழுது குறையத் தொடங்கியதும் மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, நைட்ரசன் போன்ற சத்துக்களைத் தண்டுக்குத் திரும்பப் பெறுகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் அப்போது வெளித்தெரிகின்றன. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாகவும் உருவாகிறது. பின்னர் இலைக்காம்பின் அடியில் உண்டாகும் உதிர்வு அடுக்கு வழியே இலை விழுகிறது.

உயிரினங்கள்

மரங்கள் துளிர்த்து நிழல் பரப்புவதற்கு முன் கிடைக்கும் சில வார வெயிலைப் பயன்படுத்தி, தரையிலுள்ள சிறுசெடிகள் பூத்துக் காய்த்துவிடுகின்றன. குளிர்காலத்தில் பூச்சியுண்ணும் பறவைகள் பல தெற்கு நோக்கி வலசை போகின்றன. முள்ளெலி குளிர்கால உறக்கத்தில் ஆழ்கிறது. அணில்கள் ஓக் கொட்டைகளை மண்ணில் புதைத்துச் சேமிக்கின்றன. அவை எடுக்க மறந்த கொட்டைகளிலிருந்து புதிய மரங்கள் முளைக்கின்றன.

உதிர்ந்த இலைகளை மண்புழுக்களும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மட்கச் செய்கின்றன. இதனால் இக்காட்டு மண் வளம் மிக்கதாக உள்ளது.

அழிவும் பாதுகாப்பும்

இம்மண்வளமே இக்காடுகளின் அழிவுக்கும் காரணமாயிற்று. வேளாண்மைக்கு ஏற்ற நிலம் என்பதால் ஐரோப்பாவிலும் சீனாவிலும் பெரும்பகுதி நெடுங்காலத்துக்கு முன்பே வெட்டப்பட்டது. போலந்து–பெலருஸ் எல்லையிலுள்ள பியாவோவியெசா காடு எஞ்சியுள்ள பழங்காடுகளுள் ஒன்று. முதல் உலகப் போரை அடுத்து அங்கே முற்றிலும் அழிந்துபோன ஐரோப்பியக் காட்டெருதுகள், காப்பிடங்களில் வளர்க்கப்பட்டு 1952இல் மீண்டும் காட்டில் விடப்பட்டன.

நோய்களும் பேரிழப்பை ஏற்படுத்தியுள்ளன. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட, ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோய், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் 300 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செஸ்நட் மரங்களை அழித்தது. அம்மரங்களின் வேர்களிலிருந்து இன்றும் தளிர்கள் முளைக்கின்றன. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை முதிர்ந்து காய்க்கும் முன்பே அதே நோயால் மடிகின்றன.