அண்டர்ஸ்டியர்

வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல், மூக்கை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு போவதே அண்டர்ஸ்டியர். பின்சக்கரங்களுக்கு முன்பே முன்சக்கரங்கள் பிடியை இழப்பதால் வருவது. இதை உணர மலைப்பாதை தேவையில்லை; புதுக்கோட்டைச் சமவெளியில் ஒரு மழைக்கால வளைவு போதும். வலது வளைவில் விலகும் கார் தார்ச்சாலையை விட்டுச் செம்மண் ஓரத்தில் இறங்கும். இடது வளைவில் விலகினாலோ எதிரே வரும் பேருந்தின் தடத்துக்குள் நுழையும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபிறகு முன்சக்கர இயக்கம் நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. இவ்வகைக் கார்களில் எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டின் எடையும் முன்னால்தான். இழுப்பதும் திருப்புவதும் அதே இரண்டு டயர்கள்; அதனால் அவை எளிதில் பிடியை இழக்கின்றன. கோவையின் எஸ். கரிவரதன் அந்த மாருதி எஞ்சினையே ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். செட்டிப்பாளையம் பந்தயத்தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வீட்டுக் காரில் எஞ்சினை இடம் மாற்ற முடியாது. சஸ்பென்ஷனில்தான் கைவைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முன்பக்க நோய்க்குப் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் மருந்து. டயர் மீது பாரம் இரட்டித்தால் பிடி இரட்டிப்பதில்லை. வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் பின்புற ஆன்டி-ரோல் பாரை அல்லது ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால், வளைவில் வெளிப்புறப் பின்சக்கரம் கூடுதல் பாரம் வாங்கும். பின்பக்கப் பிடி சற்றுக் குறையும், முன்பக்க வெளிச்சக்கரத்தின் சுமை இலகுவாகும். மூக்கு உள்ளே வரும். மிகையானால் வால் வீசும். ஈரச் சாலையில் அது இன்னும் மோசம்.

முன்பக்கத்தில் செய்யக்கூடியது கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, மாற்றுவது. ஸ்ட்ரட்டின் அடியிலுள்ள இரண்டு போல்ட்டுகளில் ஒன்றைக் கேம்பர் போல்ட்டாக மாற்றி, சக்கரத்தின் மேல்பகுதியை ஒரு டிகிரிபோல உள்ளே சாய்த்தால், வளைவில் டயர் தரையில் பட்டையாகப் பதியும். டயரின் தோளில் சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டிப் பார்ப்பது பந்தயக்காரர்களின் பழைய வழக்கம்: கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ, அதுவரை டயர் மடங்கியிருக்கிறது.

இதற்கெல்லாம் முன், காற்றழுத்தம், தேய்ந்த டயர், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும். எதை மாற்றினாலும் சட்டத்தையும் மனதில் வையுங்கள்: பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு.