முத்துக்கரையில் மூன்று நாள்: பிள்ளைகளுடன் பயணம் செல்வோருக்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு

பள்ளி விடுமுறை நெருங்கும் காலத்தில் நம் வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. அல்லாஹ் வசதியை விசாலமாக்கிய குடும்பங்கள் உம்ராவுடன் சேர்த்து இஸ்தான்புல், அலெக்சாந்திரியா எனப் பழைமையான கடற்கரை நகரங்களையும் பார்த்து வருகின்றன. பூமியில் சுற்றிப் பாருங்கள், முன் சென்றவர்களின் முடிவு எவ்வாறு இருந்தது என்று சிந்தியுங்கள் எனத் திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. ஆகவே அப்பயணங்கள் வரவேற்கத்தக்கவையே. ஆயினும் அலெக்சாந்திரியாவின் வணிகர்கள் ஒரு காலத்தில் எந்தக் கரையின் முத்தை நாடினார்களோ, அந்தக் கரை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்?

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்து நாட்டிலிருந்து கப்பலோட்டிய ஒரு கிரேக்க வணிகர் எழுதிய ‘எரித்திரைக் கடல் பயணக் குறிப்பு’ நம் கொற்கையைக் ‘கொல்கி’ எனக் குறிப்பிடுகிறது. பாண்டியனுக்கு உரிய அவ்வூரில், தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தார்கள் என்ற செய்தியும் அதில் உண்டு. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமியும் தம் புவியியல் நூலில் இதே ஊரைப் பதிவு செய்தார். பின்னர், அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தை 1326-ஆம் ஆண்டில் பாதி சிதைந்த நிலையில் கண்ட இப்னு பதூதா, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து மதுரைச் சுல்தானின் விருந்தினராக நம் மண்ணிலும் கால் பதித்தார். 1349-இல் அவர் மீண்டும் அலெக்சாந்திரியாவுக்குச் சென்றபோது அந்த விளக்கம் உள்ளே நுழையவும் இயலாதபடி இடிந்திருந்தது. பெருநகரங்களும் முதுமை அடைகின்றன. இந்தப் பாடத்தை நம் கரையிலேயே கண்ணால் காணலாம்.

முதல் நாளைக் கொற்கையிலிருந்து தொடங்குவது பொருத்தம். சங்க இலக்கியம் புகழ்ந்த அந்தத் துறைமுகத்தைத் தேடிச் செல்பவர் அங்கே கடலைக் காணமாட்டார். வயல்களும் குளமும் சூழ்ந்த ஒரு சிற்றூர்தான் இருக்கிறது. கடல் சில கிலோமீட்டர் கிழக்கே விலகிவிட்டது. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்த்த மண், கரையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே சென்றதால் கப்பல்கள் வர வழியில்லாமல் போயிற்று. வணிகமும் கரையைத் தொடர்ந்து கிழக்கே நகர்ந்து காயலில் நிலைகொண்டது. பின்னர் காயலுக்கும் அதே நிலை நேர்ந்தது. இன்று தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் உள்ள பழையகாயல்தான் அந்தப் பெருநகரம் இருந்த இடம் என்று, 1881-இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் இடம் காட்டினார்.

அந்தக் காயல் எத்தகையது? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளையும் சரக்குகளையும் ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் தங்கும் மாநகரம் என அதை வருணித்தார். அரபுகள் இக்கரையை ‘மஅபர்’ என்று அழைத்தார்கள். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். கீஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், ஒரு குதிரைக்கு 220 பொற்காசுகள் விலை என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரின் அமைச்சராக உயர்ந்து, காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் பொறுப்பை ஏற்றிருந்தார். முஸ்லிம் அல்லாத ஓர் அரசன் தன் துறைமுகத்தை ஒரு முஸ்லிமின் கையில் ஒப்படைத்தான் என்றால், அதற்கு அடிப்படை அமானிதம் பேணும் நற்பெயரே அன்றி வேறென்ன? அந்தப் பெயரைச் சம்பாதிக்கப் பல தலைமுறைகள் தேவைப்பட்டிருக்கும்.

இந்தச் செல்வத்தின் ஊற்று முத்து. கடலிலிருந்து மனிதர் அணியும் ஆபரணங்களை வெளிக்கொணர்வதை அல்லாஹ் தன் அருட்கொடையாக அந்நஹ்ல், ஃபாத்திர் ஆகிய அத்தியாயங்களில் நினைவூட்டுகிறான். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தும் பவளமும் சேர்த்தே சொல்லப்படுகின்றன; மன்னார் வளைகுடாவிலும் அவ்விரண்டும் சேர்ந்தே கிடைத்தன. கடலிலிருந்து எடுக்கும் முத்துக்கு ஜகாத் இல்லை என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) ஐந்தில் ஒரு பங்கு கடமை என்றார். வணிகச் சரக்காகிவிட்டால் வணிகப் பொருளுக்குரிய ஜகாத் வந்துவிடும். இத்தகைய சட்டங்கள் ஏட்டில் மட்டும் இருந்தவை அல்ல. இக்கரையில் வாழ்ந்தவர்களுக்கு அவை அன்றாட வினாக்கள்.

முத்துக்குளிப்பு எவ்வாறு நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கரையில் நிறுத்திச் சொல்லவேண்டும். இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும் சில வாரங்களே அதற்குரிய காலம். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனத்த கல்லின் மீது கால் வைத்து விரைவாக ஆழத்துக்கு இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு நிமிட அளவில் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் திரட்டுவார். கயிற்றை அசைத்ததும் படகில் இருப்பவர் மேலே இழுப்பார். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாக இருப்பார், தன் சகோதரியை விதவையாக்கத் துணியமாட்டார் என்பதே காரணம் என்று கரையோர மக்கள் சொல்வதுண்டு. சிப்பிகளைக் கரையில் குவித்து அழுகவிட்டு, அலசி முத்தைப் பிரித்தெடுப்பார்கள். நாற்றமும் நோயும் அந்த வேலையின் கூட்டாளிகள். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்னவர்களுக்கும் சென்றது என மார்க்கோ போலோ எழுதினார். நகைக்கடையில் மின்னும் ஒரு மணிக்குப் பின்னால் இத்தனை மனிதரின் மூச்சு இருந்தது.

இனி வருவது நாம் பெரும்பாலும் மேலோட்டமாகக் கடந்துவிடும் பகுதி. ஆழத்தில் இறங்கியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். பரதவர்கள் பெருந்தொகையினராக இருந்தார்கள். முத்து வணிகமும் தீர்வைக் குத்தகையும் பெரும்பாலும் முஸ்லிம் செல்வர்களின் கையில் இருந்தன. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுக்கீசியர் பார்போசா, காயலில் முத்துத் தீர்வையைக் குத்தகை எடுத்திருந்த ஒரு முஸ்லிம் பெருஞ்செல்வரைக் குறிப்பிடுகிறார். அரசனைப் போலவே ஊரார் அவரை மதித்தார்கள். முஸ்லிம்களிடையே நீதி வழங்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. குளிப்பவர்கள் வாரம் முழுவதும் தமக்காகவும், வெள்ளிக்கிழமை படகின் உரிமையாளருக்காகவும், பருவத்தின் முடிவில் ஒரு வாரம் அந்தச் செல்வருக்காகவும் மூழ்கினார்கள் என்கிறார்.

1530-களில் இரு சமூகத்துக்கும் இடையே பகை மூண்டது. பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடினார்கள்; சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் கத்தோலிக்க மார்க்கத்தைத் தழுவினார்கள். 1538-இல் வேதாளையில் நடந்த போரில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் மரைக்காயர் தளபதிகள் நடத்திய கப்பற்படை தோற்றது. 1542-இல் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தார். முத்து வணிகத்தின் மேலாதிக்கம் நம் முன்னோரின் கையைவிட்டுப் போயிற்று.

இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? அந்நியர் வந்து சூழ்ச்சி செய்து பறித்தார்கள் என்று மட்டும் சொல்வது எளிது. அதில் ஒரு பங்கு உண்மையும் உண்டு. ஆயினும் ஒரு சமூகம் முழுவதும் கடல் கடந்து வந்த ஒரு வல்லரசின் நிழலை ஏன் தேடிற்று என்ற வினாவையும் நாம் கேட்டாக வேண்டும். ஒரு கூட்டத்தின் மீதுள்ள பகை நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் கட்டளை. உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் போதனை. இந்த இரண்டு அளவுகோல்களாலும் நம் முன்னோரையும் அளக்கத் துணிந்தால்தான் நாம் படிப்பது வரலாறாகும். இல்லையேல் அது வெறும் பெருமைப் பேச்சு. இன்று இதே கரையில் இரு சமூகமும் அண்டை அயலாராக வாழ்கின்றன. 500 ஆண்டுக்கு முந்தைய காயத்தைப் பிள்ளையின் மனத்தில் புதிதாகக் கீறிவிடுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

இரண்டாம் நாள் காயல்பட்டினத்துக்கு உரியது. தூத்துக்குடியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் தொடர்வண்டியும் இவ்வூரில் நிற்கும். இங்குள்ள பழைய பள்ளிவாசல்களில் குவிமாடத்தைத் தேடவேண்டாம். கருங்கல் தூண்களும் தட்டையான கல் கூரையும் கொண்டு, பாண்டிய நாட்டுத் தச்சர்களின் கைவண்ணத்தில் எழுந்தவை அவை. தூண்களில் மலரும் கொடியும் இருக்கும். உயிருள்ளவற்றின் உருவம் இராது. தவ்ஹீதின் வரம்பும் தமிழ்ச் சிற்பியின் உளியும் ஒன்றையொன்று காயப்படுத்தாமல் சேர்ந்த இடம் அது. இவ்வூர்ப் பள்ளி ஒன்றுக்கு வேணாட்டு அரசன் உதயமார்த்தாண்டனின் பெயரால் ‘உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி’ என்ற பெயர் வழங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது.

இவ்வூர் அறிஞர்களின் தாயகமும் ஆகும். அரபுக் கவிதையில் பெரும்புலமை பெற்ற சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) இங்கே பிறந்து கீழக்கரையில் அடங்கியிருக்கிறார்கள். அரபுத் தமிழில் எளிய மக்களுக்காக மார்க்கத்தைப் பாடலாக்கிய சாம் ஷிஹாபுத்தீன் (ரஹ்) இவ்வூரார். கீழக்கரை அரூஸிய்யா மத்ரஸாவுடன் இணைத்து நினைக்கப்படும் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) 1816-இல் பிறந்ததும் இங்கேதான். கரையோர ஊர்கள் ஷாஃபிஈ மத்ஹபையும் உள்நாட்டு ஊர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபையும் பின்பற்றுவதற்குக்கூட வரலாற்றுக் காரணம் உண்டு. முன்னது அரபிக்கடல் வழியாகவும், பின்னது வடக்கிலிருந்து தரைவழியாகவும் வந்தன. நாம் தொழுகையில் நிற்கும் முறையிலேயே ஒரு பயணப்பாதை பதிந்திருக்கிறது.

மூன்றாம் நாளைத் தூத்துக்குடிக்கு ஒதுக்கலாம். காயல் தூர்ந்த பின் புன்னைக்காயலும், அதன் பின் தூத்துக்குடியும் தலையெடுத்தன. 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றினார்கள். பின்னர் ஆங்கிலேயர் வந்தார்கள். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் துணை நின்றார். வ.உ.சி.யின் பெயர் தாங்கிய துறைமுகத்தைக் காணும் பிள்ளைகள் அவருடைய பெயரையும் அறியட்டும். அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிற்று. சிப்பிப் பார்கள் வளம் குன்றிவிட்டன. 1973-இல் இவ்வூரிலிருந்த மத்தியக் கடல் மீன்வள ஆய்வு நிலையத்தார் செயற்கை முறையில் முத்தை விளைவித்தார்கள். பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுள் மூழ்கிவிட்டன. அருட்கொடையை அளவின்றி அள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நேரம் இருப்பவர்கள் எட்டயபுரம் சென்று சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலத்தில் ஸலாம் சொல்லி துஆச் செய்து வரலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் ஊரான கீழக்கரை.

சில நடைமுறைச் செய்திகள். ஜனவரி முதல் மார்ச் வரை பயணத்துக்கு ஏற்ற காலம். மே மாத வெயிலைச் சிறுவர்களும் முதியோரும் தாங்குவது கடினம். வடகிழக்குப் பருவமழையின் சீற்றத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும்; 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தொழுகையைச் சுருக்கும் தூரம், நாள் கணக்கு ஆகியவற்றை அவரவர் மத்ஹபின்படி உள்ளூர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து புறப்படுவது நன்று. காயல்பட்டினத்தின் தெருக்களுக்கு இடையே உள்ள குறுகிய முடுக்குகள் பெண்கள் நடமாடுவதற்கென அமைந்தவை. ஆண்கள் வேடிக்கை பார்க்க நுழைவது அழகன்று. பள்ளிகளில் தொழுகை நேரத்தில் படம் எடுப்பதைத் தவிர்க்கவேண்டும். ஊரார் விருந்துக்கு அழைத்தால் ஒரே சஹனில் கூடி உண்ணும் பரக்கத்தையும், வட்டலாப்பத்தின் சுவையையும் பிள்ளைகள் அறிந்து வருவார்கள். தூத்துக்குடி மக்ரூனையும் வாங்கிக்கொள்ளலாம்.

செலவு குறைவான இந்தப் பயணத்தில் பிள்ளைகள் பெற்று வருவது குறைவன்று. கப்பல் நிறைந்த துறை வயலாகி நிற்பதைக் கண்ட பிள்ளை, செல்வம் எவர் கையிலும் நிலைத்திராது என்பதை ஏட்டைப் புரட்டாமலே உணர்ந்துகொள்ளும். துறைமுகங்கள் தூர்ந்துபோயின. அறிஞர்களின் கல்வியும், அமானிதம் காத்தவர்களின் நற்பெயரும், கல்லில் எழுந்த பள்ளிகளும் எஞ்சியிருக்கின்றன. எஞ்சுகின்றவற்றைத் தேடி உழைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக, ஆமீன்.