எடுத்தாச்சு... எதுல போட்டுப் பார்க்கிறது?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப பரணைச் சுத்தம் பண்ற வேலை என் தலையில விழுந்தது. பழைய வேட்டியில சுத்தின மூட்டைக்குள்ள சித்தப்பாவோட வீடியோ கேமரா, கூடவே ஏழு 8 மி.மீ. கேசட். ஒண்ணு மேல அவர் கையெழுத்துல "குற்றாலம் 1998, அப்பா பேசுறார்". அந்த அப்பாதான் என் தாத்தா. அவர் போனப்ப எனக்கு நாலு வயசு, குரலே ஞாபகம் இல்ல. ஆசையா கேசட்டைப் போட்டா, கேமரா கடகடன்னு சத்தம் போட்டுட்டுத் துப்பிடுச்சு.

எடுத்ததைப் பார்க்க முடியாத இந்த அவஸ்தை புதுசு இல்லைன்னு படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சது. 1967-ல சோனி விட்ட போர்ட்டாபேக் (டிவி-2400), ஒரே ஆள் தூக்கிட்டுப் போய் வீடியோ எடுக்கிற மாதிரி வந்த ஆரம்பகாலக் கருவி. கையில கேமரா, தோள்ல ரெக்கார்டர், நடுவுல கேபிள். கறுப்பு வெள்ளை. அரை அங்குல டேப்புல சுமார் 20 நிமிஷம் ஓடும். டேப்பைத் திருப்பிச் சுத்த கைப்பிடியைப் போட்டு கிணத்துல தண்ணி இறைக்கிற மாதிரி சுழற்றணும். காமெடி என்னன்னா, அதுல பதிவு மட்டும்தான். பார்க்கணும்னா வேற மெஷின் வேணும்!

இதுக்குக் காரணம் அந்த டிரம். ஆடியோ மாதிரி டேப்பை மட்டும் ஓட்டினா வீடியோவுக்கு வேகம் பத்தாது. அதனால ஹெட்டை ஒரு டிரம்முல வச்சு, டேப்பைச் சாய்வா அது மேல சுத்தி, டிரம்மையும் சுழல விடுவாங்க. எடை, இடம், மின்சாரம் எல்லாத்துக்கும் அதுதான் வில்லன். 1983-ல கேமராவையும் ரெக்கார்டரையும் ஒரே பெட்டியில அடைச்சு பீட்டாமூவி வந்துச்சு. இடத்துக்காக டிரம்மைச் சின்னதாக்கினாங்க, ப்ளேபேக் மறுபடியும் காலி. அடுத்த வருஷமே ஜேவிசி, ஜிஆர்-சி1 மாடல்ல சின்ன விஎச்எஸ்-சி கேசட்டைக் கொண்டுவந்து, எடுத்த இடத்திலேயே பார்க்க வச்சாங்க. ('பேக் டு தி ஃப்யூச்சர்' படத்துல ஹீரோ தூக்கிட்டு அலையறது இதைத்தான்.)

பயணத்துக்குன்னே வந்தது 1989-ல சோனியோட டிஆர்55. எடை 790 கிராம். பாஸ்போர்ட் சைஸுன்னு ஜப்பான்ல விளம்பரம் பண்ணினாங்க. நல்ல மார்க்கெட்டிங் மூளை :-) 1992-ல ஷார்ப் வியூகேம் பின்பக்கம் கலர் திரையோட வந்துச்சு. ஒத்தக் கண்ணை இடுக்கிப் பார்த்த காலம் போய், குடும்பமே சுத்தி நின்னு பார்க்க ஆரம்பிச்சது. 1995-ல மினிடிவி வந்து வீடியோ டிஜிட்டல் ஆச்சு. அப்புறம் மெமரி கார்டு, கோப்ரோ, செல்போன்... இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நம்ம கதைக்கு வருவோம். 1999-ல வந்த டிஜிட்டல்8 கேமராக்கள்ல பல மாடல் பழைய 8 மி.மீ. கேசட்டையும் ஓட்டும், ஃபயர்வயர் வழியா கம்ப்யூட்டருக்கும் அனுப்பும். ரிச்சி தெருவுல தேடினேன், "மொபைல்லயே எடுங்க சார்"னு சிரிச்சாங்க. கடைசியில எங்க ஊர்ல கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட ஓடுற நிலைமையில ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை தர்றேன்னிருக்கார்.

ஒரே பயம், குற்றாலம் கேசட் ஓரத்துல வெள்ளையா பூஞ்சை. அப்படியே ஓட்டினா ஹெட்டும் போகும், டேப்பும் போகும். அதைத் துடைக்கிற வரைக்கும் தொடப்போறதில்ல. முதல்ல யாரும் தேடாத ஒரு வளைகாப்பு கேசட்டைப் போட்டு கேமராவைச் சோதிக்கப் போறேன். சித்திகிட்ட இன்னும் சொல்லல, அது அவங்க வளைகாப்பு.