தேற்றப் போகிறவர்களுக்கு என்ன ஆகிறது? பசறையிலிருந்து ஒரு குறிப்பு

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் கிளிநொச்சிக்குப் போனது. 2009இல் அங்கிருந்து மெனிக் பாம். தம்பியைத் தேடித் தேடி அங்கேதான் எனக்கு முதலில் தூக்கம் போயிற்று, பிறகு பேச்சும் போயிற்று. திரும்பிப் பசறைக்கு, அக்கா வீட்டுக்கு வந்த பிறகுதான் மருந்தெடுத்துத் தேறினேன். இப்போது பத்து வருடமாக, என்னைப்போல மனநோயோடு இருப்பவர்களுக்குத் துணையாகக் கிளினிக்குக்கும் லயத்துக்கும் போய்வருகிறேன். உளநலத் துறையில் இதைச் சகபாடித் துணை என்கிறார்கள். இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று பலர் எழுதிவிட்டார்கள். செய்கிறவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் என் பேச்சு.

முதலில் ஒரு தெளிவு. சகபாடித் துணையாளர் உளவளத்துணையாளர் அல்லர். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லமாட்டார். “எனக்கும் இது வந்தது” என்று சொல்லிப் பக்கத்தில் இருப்பவர், அவ்வளவுதான். 2004 சுனாமிக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு நம் நாட்டில் சமூக உதவி அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். வீடுவீடாகப் போய் நோயாளியைக் கிளினிக்கோடு இணைத்தவர்கள் அவர்கள். ஊர்க்காரர்களாக இருந்தால் போதும், நோயை அனுபவித்திருக்க வேண்டியதில்லை. அனுபவித்தவரையே வேலைக்கு எடுப்பது வேறு விஷயம். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 1999 முதல் அரச மருத்துவக் காப்புறுதியே இதற்குப் பணம் கொடுக்கிறது. உகண்டா, தன்சானியா, இந்தியா, ஜேர்மனி, பிரித்தானியா, இஸ்ரேல் ஆகிய 6 நாடுகளில் இதை ஆராயும் பணி 2018இல் தொடங்கியது.

உதவி பெறுகிறவரைவிட உதவுகிறவரே சிலவேளை கூடுதலாகத் தேறுகிறார் என்று ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க அறிஞர் 1965இல் எழுதினார். என் விஷயத்தில் அது உண்மை. என்னைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்ட அதே லயத்தில், “அக்கா, தம்பி ரெண்டு நாளா சாப்பிடல, கொஞ்சம் வந்துட்டுப் போங்க” என்று கேட்ட அன்று, மாத்திரை செய்யாத ஒன்று எனக்குள் நடந்தது.

ஆனால் அதற்கு விலை இருக்கிறது.

மலையகத்தில் அந்த விலையில் பெரும்பங்கு மொழிக்குப் போகிறது. வைத்தியருக்குச் சிங்களம், நோயாளிக்குத் தமிழ், நடுவில் இரண்டும் தெரிந்த நான். துணைக்கென்று போனவள் மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறேன். மொழிபெயர்க்கும்போது “அவள் சொல்கிறாள்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. “எனக்கு வாழப் பிடிக்கவில்லை”, “என் பிள்ளை குரல் கேட்கிறது” என்று ‘நான்’ போட்டே சொல்லவேண்டும். ஒரு காலைப்பொழுதில் ஐந்தாறு பேருடைய ‘நான்’ என் வாயால் போகும். அவற்றில் ஒன்று உண்மையிலேயே என்னுடையதாக இருக்கும். அன்றிரவு எது யாருடையது என்று பிரித்தெடுக்கத் தெரியாமல் விழித்துக்கிடந்திருக்கிறேன். போரைக் கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

2021 மார்ச் 20ஆம் திகதி காலை லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. குறைந்தது 14 உயிர்கள் போயின. துக்க வீடுகளில் போய் உட்கார ஆள் தேவைப்பட்டது, போனேன். வரிசையாகப் பெட்டிகளைப் பார்த்தபோது எனக்கு அது பசறையாகத் தெரியவில்லை. மூன்றாம் நாள் கை நடுங்கத் தொடங்கியது. என் மருந்து வேளையை மறந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் “இவளே இன்னும் சரியாகவில்லை” என்பார்கள் என்ற பயம்தான். தாதிக்குக் காய்ச்சல் வந்தால் லீவு, எனக்கு நோய் திரும்பினால் தகுதியே போய்விடும் என்று நினைத்தேன். பல சகபாடிகள் இப்படித்தான் ஒளித்து ஒளித்தே விழுந்துபோகிறார்கள்.

லயத்தில் இன்னொரு சிக்கல். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். இரகசியம் பேச ஒரு மூலை கிடையாது. தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்தபடியே பேசியிருக்கிறோம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறேன் என்பதும் இல்லை, ஏனென்றால் நோயாளி பக்கத்துக் காம்பிராவில்தான் இருக்கிறார். நள்ளிரவில் கதவு தட்டினால் திறக்காமல் இருக்க முடியுமா?

காசைப் பற்றிப் பேச எங்களுக்கு வெட்கம், ஆனால் பேசத்தான் வேண்டும். 2021இல் தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. கிளினிக் நாளில் போனால் அந்த ஒரு பேர் போச்சு. முன்பு ஓர் அமைப்பு பஸ் காசு தருவதாகச் சொல்லி எங்களைச் சேர்த்தது. திட்டம் முடிந்ததும் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. நோயாளிகள் எங்களைத்தான் கேட்டார்கள்.

இப்போது நாங்கள் ஆறு பேர் சில வழக்கங்களை வைத்திருக்கிறோம். புதிய வீட்டுக்கு இருவராகவே போவது. உயிராபத்துப் பேச்சு வந்தால் தனியே சுமக்காமல் அன்றே வைத்தியருக்கு அறிவிப்பது. இரவில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கொடுப்பது, அதில் தமிழிலும் பேசலாம். மாதத்தில் ஒரு நாள் பசறை டவுனில் கூடி எங்கள் கதையை மட்டும் பேசுவது. துணையிருந்த ஒருவர் இறந்துபோன மாதத்தில் அந்தக் கூட்டம் இருந்திராவிட்டால் நான் இந்த வேலையை விட்டிருப்பேன். மனம் சரியில்லை என்றால் காரணம் சொல்லாமல் ஒதுங்கலாம் என்பதையும் சேர்த்தோம். அதைச் சேர்க்கத்தான் அதிக நேரம் விவாதித்தோம். கோழைத்தனம் என்றார் ஒருவர். அடுத்த மாதம் அவரே முதலில் ஒதுங்கினார்.

வருகிற கிளினிக் நாளில் எனக்குப் பதிலாக ஒரு தங்கச்சி மொழிபெயர்க்கப் போகிறாள். நானும் அங்கேதான் இருப்பேன், என் சொந்தக் கிளினிக் கொப்பியோடு வரிசையில்.