யாரு சொல்லி வந்தீங்க?

இந்த எபிசோட் ஒரு எண்பது பக்க நோட்டுல ஆரம்பிக்குது.

கொல்லிமலை அடிவாரத்துல, காரவள்ளிக்குக் கொஞ்சம் முன்னாடி, என் தாய்மாமா ஒரு மெஸ் வச்சிருக்கார். மாடியில வாடகைக்கு ரெண்டு ரூம். அங்கிருந்து மேல போனா 70 கொண்டை ஊசி வளைவு. அதனால வண்டி ஓட்டுற யாரா இருந்தாலும் அங்க நின்னு ஒரு டீயாவது குடிச்சிட்டுத்தான் ஏறுவாங்க. கல்லாவுல பணம் வாங்கும்போது மாமா எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி கேட்பார்: "யாரு சொல்லி வந்தீங்க?" வர்ற பதிலை நோட்டுல எழுதி வைப்பார். "நாமக்கல் லாரி செட்டு சொல்லி." "சேந்தமங்கலம் பெரியம்மா சொல்லி." சில நாள் வெறுமனே, "போற வழி."

இன்னைக்கு நாம 'டிராஃபிக் சோர்ஸ்'னு சொல்ற விஷயம்தான் அது. அந்த மனுஷன் பால்பாயின்ட் பேனாவால செஞ்சுக்கிட்டிருந்தார்.

2010-ல அந்த ரூமுக்கு நான் ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்தேன். காலேஜ் முடிச்ச திமிர் வேற. அத்தை நகையை அடகு வச்சுத்தான் ரூமுக்கு டைல்ஸ் போட்டிருந்தாங்கன்னு அப்ப எனக்குத் தெரியாது. தளத்துக்கு ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தாங்க. அதுல ரெண்டு பேர் நானே. அப்பதான் ஒரு ஆள் போன்ல கிடைச்சார். "6,000 ரூபாய் கொடுங்க, 2,000 லிங்க் போட்டுத் தர்றேன், தேடுனா முதல் பக்கம்"னார். கொடுத்தேன். உண்மையிலேயே ஏறுச்சு. கொஞ்ச நாள் போன் நிக்காம அடிச்சுது. மாமா நோட்டுல "நெட்டு சொல்லி"ன்னு புதுசா ஒரு வரி வர ஆரம்பிச்சுது.

2012 ஏப்ரல்ல கூகுள் 'பெங்குவின்'னு ஒரு மாற்றம் கொண்டுவந்துச்சு. காசு கொடுத்தும் கூட்டுச் சேர்ந்தும் செயற்கையா லிங்க் சேர்த்த தளங்களைக் கீழ தள்ளுற ஏற்பாடு. கத்திரி வெயில்ல ஊரே மலைக்கு வர்ற மே மாசம், எங்க தளம் எத்தனையாவது பக்கத்துல கிடந்துச்சுன்னு தேடுறதையே நான் விட்டுட்டேன். ரெண்டு ரூமும் காலி. மாமா திட்டல. "ஏஞ் சாமி, காசு குடுத்து ஆள விட்டு நம்மளப் பத்திப் பேசச் சொன்னா, கேக்கறவனுக்குத் தெரியாமயா போயிரும்?"னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு. நகை வட்டி விஷயம் அன்னைக்கு ராத்திரி அம்மா சொல்லித்தான் தெரியும்.

லிங்க்குக்கு ஏன் அவ்வளவு மதிப்புன்னு கேட்டீங்கன்னா, 1990-கள்ல ஸ்டான்ஃபோர்டுல படிச்ச லாரி பேஜும் செர்கே பிரின்னும் பிடிச்ச ஒரு யோசனைதான் காரணம். ஒரு பக்கம் தன்னைப் பத்தி என்ன சொல்லிக்குதுன்னு மட்டும் பார்க்காதே, அடுத்தவங்க அதை நோக்கி எத்தனை பேர் கை காட்டுறாங்கன்னு பாரு. கை காட்டுறவர் யாருன்னும் பாரு, ஏன்னா பெரிய ஆளோட கைக்கு எடை அதிகம். ஆனா அந்தப் பெரிய ஆள் நூறு பேரைக் காட்டினா, எடை நூறாப் பிரியும். அவங்க செஞ்ச தேடுபொறிக்கு 1996-ல வச்ச பேரே 'பேக்ரப்'. பின்னாடியிருந்து வர்ற லிங்க்கை எண்ணுறதால அந்தப் பேர். 1998-ல அது கூகுள்ங்கிற நிறுவனம் ஆச்சு. இந்த யோசனையோட வேர் இன்னும் பழசு: எந்த ஆய்வுக் கட்டுரையை எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுதுன்னு எண்ணுற அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964-லயே அச்சுல கொண்டுவந்துட்டார்.

எனக்கு இது புரிஞ்சது ஸ்டான்ஃபோர்டு பேப்பர் படிச்சு இல்ல. துறையூர்ப் பக்கத்துலருந்து வந்த ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரால.

2013 ஆடி மாசம் அவர் மெஸ்ஸுல சாப்பிட வந்தார். மாமா வழக்கம்போல "யாரு சொல்லி வந்தீங்க?"ன்னார். வாத்தியார் இலையை மடிச்சுக்கிட்டே, "அப்பர் சொல்லி"ன்னார். மாமாவும் அப்படியே எழுதிட்டார், ஏதோ ஊர்க்காரர் பேருன்னு நினைச்சு.

அன்னைக்கு நானும் அங்க இருந்தேன். அவர் சொன்ன கதை இதுதான். மலை மேல, பெரியகோவிலூர்ல அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கு. பக்கத்துல ஆயிரத்துக்கும் மேல படி இறங்கினா, ஐயாறு அருவியா விழுற ஆகாயகங்கை. தேவாரம் பாடிய மூவர்ல யாரும் இந்தக் கோயிலுக்குன்னு தனியா ஒரு பதிகம் பாடினதா நம்ம கைக்கு வரல. அப்படிப் பதிகம் உள்ள ஊர்கள் 270-க்கு மேல, அதுக்குப் பேர் 'பாடல் பெற்ற தலம்'. கொல்லி அதுல இல்ல. ஆனா ஏழாம் நூற்றாண்டுல அப்பர் 'அடைவு திருத்தாண்டகம்'னு ஒண்ணு பாடியிருக்கார். அது ஒரு பட்டியல். 'பள்ளி'ன்னு முடியுற ஊரெல்லாம் ஒரு பாட்டுல, 'வீரட்டம்' எல்லாம் ஒரு பாட்டுல, 'குடி' ஒரு பாட்டுல, 'ஊர்' ஒரு பாட்டுல. அந்தப் பள்ளிப் பாட்டுல சக்கரப்பள்ளி, காட்டுப்பள்ளி, சிராப்பள்ளி, நனிபள்ளி வரிசையில கொல்லி அறைப்பள்ளியும் வருது. வேற இடத்துக்கான பாட்டுல பேர் மட்டும் வந்த இப்படிப்பட்ட ஊருக்கு 'வைப்புத் தலம்'னு பேர்.

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. வேற ஒரு பக்கத்துல உன் பேர் வருது, அதனாலயே உன் பக்கத்துக்கு ஆள் வருது. 1,300 வருஷத்துக்கு முன்னாடி வச்ச லிங்க் இன்னும் வேலை செய்யுது, அதுல வந்த ஒருத்தர் எங்க மெஸ்ஸுல ரசம் சாப்பிட்டுக்கிட்டிருக்கார்! வைப்புத் தலங்கள் மட்டும் 200-க்கு மேல இருக்கு. அதை ஒவ்வொண்ணாத் தேடிப் போறதையே வாழ்க்கையா வச்சிருக்கிறவங்களும் இருக்காங்க. பட்டியல்ல யார் பக்கத்துல உட்காருறோம்கிறதும் முக்கியம் பாருங்க. சிராப்பள்ளின்னா நம்ம திருச்சி. மலைக்காட்டுக்குள்ள இருக்கிற ஒரு கோயில், அதுகூட ஒரே மூச்சுல வருது.

அப்புறம் நான் சும்மா இருக்க முடியல. கொல்லியைப் பத்தி வேற யாரெல்லாம் கை காட்டியிருக்காங்கன்னு தேடினேன். சங்கப் பாட்டுக்கே போயிடுச்சு. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைப் புறநானூற்றுல வன்பரணர் பாடுறார்: ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாத்தையும் துளைச்சு கடைசியா ஒரு உடும்புல போய்த் தைக்குது. கடையெழு வள்ளல்கள் வரிசையில ஓரிக்கு இடம் உண்டு, சிறுபாணாற்றுப்படையிலயும் அந்த ஏழு பேர் வர்றாங்க. ஆனா எனக்குப் பிடிச்ச லிங்க் கபிலரோடது. திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரியைப் புகழ்ந்து பாடினவர் கபிலர். அந்தக் காரிதான் ஓரியைக் கொன்னு, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன். அந்தச் செய்தி அகநானூற்றுல கல்லாடனார் பாட்டுல இருக்கு. அப்படிப்பட்ட காரியோட புலவர், குறுந்தொகையில ஒரு பொண்ணோட அழகைச் சொல்ல வேண்டிய இடத்துல ஓரியையும் கொல்லியையும் கொல்லிப்பாவையையும்தான் எடுக்கிறார். நம்ம சொந்தக்காரன் நம்மளைப் புகழ்றது வேற. எதிராளி வீட்டுப் புலவர் வாயில நம்ம ஊர் பேர் வர்றது வேற. 6,000 ரூபாய்க்கு இது கிடைக்காது.

லிங்க்ல இன்னொரு நுணுக்கம் இருக்கு. எந்தச் சொல்லு மேல லிங்க் வச்சிருக்காங்கங்கிறதையும் தேடுபொறி படிக்கும். "இங்கே கிளிக் செய்யவும்"னா பிரயோஜனம் கம்மி, "கொல்லிமலையில் தங்குமிடம்"னா அதிகம். சங்கப் புலவர்கள் கொல்லின்னு சொல்லும்போது அடிக்கடி கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற சொல் 'பாவை'. பார்க்கிறவனை மயக்கிச் சிரிச்சே கொல்லுற சிலைன்னு கதை. பரணர் சொல்றார், கபிலர் சொல்றார், நற்றிணையில திரும்பத் திரும்ப வருது. போய்ப் பார்க்கலாம்னு கிளம்பினா சிலை எங்கன்னு யாராலும் காட்ட முடியாது. லிங்க் இருக்கு, பக்கம் இல்ல. மலையில எட்டுக்கை அம்மன் கோயில் ஒண்ணு இருக்கு, அதுதான் கொல்லிப்பாவைன்னு மக்கள் கும்பிடுறாங்க. தொலைஞ்ச பக்கத்துக்குப் பதிலா வேற பக்கத்துக்குத் திருப்பி விட்டுட்டாங்கன்னு வச்சுக்கலாம். எனக்கு அதுல தப்பு தெரியல. வந்தவன் வெறும் கையோட திரும்பலையே.

இந்தப் பாட்டெல்லாமே நடுவுல ரொம்ப காலம் ஓலையில பூட்டிக் கிடந்துச்சு. உ.வே.சா. புறநானூற்றை அச்சுல கொண்டுவந்தது 1894-ல. நற்றிணை அச்சானது அதுக்கும் ஏறக்குறைய 20 வருஷம் கழிச்சு, பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையோட. அந்த இடைவெளியில கொல்லிக்குக் கை காட்டினவங்கள்ல ஒருத்தர் அம்பலவாணக் கவிராயர், ராமநாடகம் பாடின சீர்காழி அருணாசலக் கவிராயரோட மகன். 18-ஆம் நூற்றாண்டுல 'அறப்பளீசுர சதகம்'னு நூறு பாட்டு எழுதினார். நல்ல மனைவி, நல்ல நண்பன், சகுனம், மருந்துன்னு பாட்டுல எதைப் பத்திப் பேசினாலும், முடிக்கும்போது இந்த மலையில இருக்கிற அறப்பளீசுரரைக் கூப்பிட்டுத்தான் முடிப்பார். நூறு பாட்டு, நூறு கை, ஒரே திசை. திண்ணைப் பள்ளிக்கூடத்துல சதகத்தை மனப்பாடம் பண்ணவங்க, கொல்லியைக் கண்ணால பார்க்காமலே நூறு தடவை அந்தப் பேரைச் சொல்லியிருப்பாங்க.

ஒரே ஒரு சிக்கல். கவிராயர் மலையைச் 'சதுரகிரி'ன்னு சொல்றார். இன்னைக்கு சதுரகிரின்னு தேடினா வத்திராயிருப்புப் பக்கத்து மலைதான் வரும். நூறு லிங்க்கும் அடுத்த வீட்டுக்குப் போயிடுச்சு. பாவம் கவிராயர்.

சரி, எங்க ரூம் கதை. 2012 அக்டோபர்ல கூகுள் ஒரு வசதி கொடுத்துச்சு: "இந்த லிங்க்குக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை"ன்னு பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். வாங்கின 2,000-த்துல கண்டுபிடிக்க முடிஞ்சதையெல்லாம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். அப்புறம் வாத்தியார் கேட்டதைத் தளத்துல போட்டேன். கோயில் நடை எப்ப திறக்கும், செம்மேட்டுலருந்து பெரியகோவிலூருக்கு பஸ் எத்தனை மணிக்கு, முட்டி வலிக்காரங்க அருவிப் படி இறங்கலாமா. அவ்வளவுதான். வாத்தியார் தன் வைப்புத் தலப் பயணக் குறிப்புல எங்க பக்கத்துக்கு ஒரு லிங்க் வச்சார். அதைப் பார்த்து இன்னொரு யாத்திரைக் குழு வச்சுது. ஒரு வருஷத்துல மொத்தம் 11 லிங்க். மாமா நோட்டுல "துறையூர் வாத்தியார் சொல்லி"ங்கிற வரி "நெட்டு சொல்லி"யைத் தாண்டிடுச்சு. நகையை மீட்க 2015 ஆச்சு.

எல்லாம் சுபம்னு நிறுத்திடலாம்னு பார்த்தா முடியல. லிங்க் போற இடத்துக்குத்தான் கூட்டம் போகும். கொல்லின்னா ஆகாயகங்கை, கொல்லின்னா 70 வளைவு. ஆடி 17, 18-ல வல்வில் ஓரி விழா நடக்கும்போது ரோடு தாங்காது. மறுநாள் அருவிப் படியில கிடக்கிற பாட்டிலை எண்ண ஆள் இல்ல. அதே மலையில மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா விதைச்ச சாமை, தினை, கேழ்வரகுக்கு எந்தப் பாட்டு கை காட்டுச்சு? வயல்ல மரவள்ளி ஏறிடுச்சு, சிறுதானியம் சுருங்கிடுச்சு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்லருந்து அங்க உட்கார்ந்து, விதை சேமிக்கவும் அரைக்க மெஷின் வைக்கவும் மதிப்புக் கூட்டி விக்கவும் மக்களோட வேலை செஞ்சிருக்கு. ஆனா கொல்லின்னு தேடுறவன் கண்ணுல அது பட மாட்டேங்குது. எங்க தளத்துல "மெஸ்ஸில் சாமைச் சோறு கிடைக்கும்"னு நானும் ஒரு பக்கம் போட்டேன். இன்னைக்கு வரைக்கும் அதுக்கு வெளியிலருந்து ஒரு லிங்க் கூட இல்ல.

போன ஆடியில நான் கல்லாவுல உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பைக்குல நாலு பேர், சென்னைப் பசங்க, சாமைச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. எனக்குச் சந்தோஷம் தாங்கல. நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு, "யாரு சொல்லி வந்தீங்க?"ன்னேன்.

"யாரும் சொல்லலண்ணா. அரிசிச் சோறு தீந்துடுச்சுன்னு அவர்தான் சொன்னாரு"ன்னு ஒருத்தன் கையைக் காட்டினான். மாமா பந்தியில ரசம் ஊத்திக்கிட்டிருந்தார். நோட்டுல மாமா பேரையே எழுதினேன்.