தேறிய உடம்பு

தமிழில் 'உடம்பு தேறிவிட்டது' என்றால் இரண்டு பொருள். நோய் போய்விட்டது என்பது ஒன்று, கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது என்பது மற்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்பதில்லை, கன்னத்தைத்தான் பார்க்கிறார்கள். டொரொண்டோவிலும் ஹாரோவிலும் இது மாறவில்லை.

காச நோயைப் பொறுத்தவரை இந்தப் பார்வைக்கு நியாயம் இருந்தது. நம்மவர் அதற்கு வைத்த பெயரே எலும்புருக்கி. உருக்குகிற நோய் விலகினால் உடம்பு ஊற வேண்டும் என்பது கணக்கு. ஐரோப்பிய மருத்துவர்களும் நெடுங்காலம் இதே கணக்கைத்தான் போட்டார்கள். மருந்தில்லாத அந்தக் காலத்தில் அவர்கள் கையில் இருந்தவை உணவு, ஓய்வு, நடை, நல்ல காற்று. எதை எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் சண்டை. ஜெர்மனியில் டெட்வைலர் நோயாளிகளைத் திறந்த தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியில் மணிக்கணக்காகப் படுக்கவைத்தார். கருங்காட்டில், நோர்ட்ராக்கில், ஓட்டோ வால்தர் வயிறு கொள்ளாத அளவுக்கு உண்ணவைத்து மலைப்பாதையில் நடக்கவிட்டார். எடை ஏறினால் மருத்துவர் முகம் மலரும், இறங்கினால் தட்டில் இன்னொரு கரண்டி விழும்.

இங்கிலாந்தில் மார்கஸ் பேட்டர்சனுக்கு இந்தக் கொழுத்த நோயாளிகள் உறுத்தினார்கள். தின்று படுத்து எடை கூடிய ஒரு தொழிலாளி வீட்டுக்குப் போய் மண்வெட்டி பிடிக்க முடியாவிட்டால் அவன் குணமானதில் என்ன பொருள்? 1905இல் ஃப்ரிம்லி சானடோரியத்தின் பொறுப்பை ஏற்ற அவர், படிப்படியான உழைப்பை மருந்தாகக் கொடுத்தார். முதலில் நடை, பிறகு கூடையில் மண் சுமப்பது, அதன்பின் சின்ன மண்வெட்டி, பெரிய மண்வெட்டி. காய்ச்சல் ஏறினால் வேலை நிற்கும். இன்றைய உடற்பயிற்சி மறுவாழ்வுத் திட்டங்களின் எலும்புக்கூடு இதில் தெரிகிறது. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் வேரியர்-ஜோன்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். சிகிச்சை முடிந்தவன் பழைய வறுமைக்கே திரும்பினால் நோயும் திரும்பும் என்று சொல்லி, 1918இல் பாப்வொர்த்தில் நோயாளிகள் குடும்பத்தோடு வாழ்ந்து தங்கள் சக்திக்கேற்ற வேலை செய்ய ஒரு கிராமத்தையே அமைத்தார்.

இந்தக் கதையில் நம் ஆட்களும் உண்டு. சாமர்செட்டில் மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர் டேவிட் சௌரிமுத்து என்ற தென்னிந்திய மருத்துவர். காசம் என்று கருதப்பட்ட ராமானுஜன் 1917இல் அவரிடம் இருந்தார். (நோய் காசம்தானா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.) இறைச்சியும் முட்டையும் சத்துணவின் அளவுகோலாக இருந்த ஓர் அமைப்பில், போர்க்காலத்தில், அவற்றைத் தொடாத ஒருவர் உடம்பைத் தேற்றுவது எத்தனை பாடு என்பதை முதல் குளிர்காலத்தை இங்கே தனியாகக் கழித்த எவரும் ஊகிக்கலாம். சௌரிமுத்து பின்னர் சென்னைக்குத் திரும்பி 1928இல் தாம்பரம் அருகே ஒரு சானடோரியம் தொடங்கினார். மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' என்று இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் மூலம் தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு.

கணக்கு உடைந்ததும் சென்னையில்தான். 1950களில் மருந்து வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம். இருந்த படுக்கைகளோ அவர்களில் சிறு பங்குக்குக்கூடப் போதாது. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதுமா? 1956இல் இந்திய அரசு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், இந்திய, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. தலைமை தாங்கியவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறு பாதி நெரிசலான வீட்டிலேயே இருந்தது. இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மாத்திரைகள். (என் தொழிலில் ஒரு பொத்தானின் நிறத்தைத் தீர்மானிக்கவும் இதே முறைதான்.) வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று முன்னறிவிப்பில்லாமல் போய் எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959இல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் அதிகம் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள், எடையும் அவ்வளவு ஏறவில்லை. ஆனால் குணமானதில் இரண்டு பாதிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் அதே கதைதான். கிருமியைக் கொன்றது மாத்திரை. கன்னத்துச் சதை வேறு கணக்கு.

உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். பெரும் நன்மைதான். நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து கிடக்க வேண்டியதில்லை என்றாயிற்று. ஆனால் ஆய்வு சொன்னது ஒன்று, நிர்வாகங்கள் கேட்டுக்கொண்டது வேறொன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. 'மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் குறைந்த உணவிலும் குணமாகலாம்' என்பது, 'உணவு நம் பொறுப்பில்லை' என்று ஆகிவிட்டது. மாத்திரை கொடுக்க வழி செய்தார்கள். அரிசியைப் பற்றிப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு அந்தப் பேச்சை மறுபடி தொடங்கியது. அதில் பங்கெடுத்த தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், அன்றைய அதே சென்னை மையத்தின் இன்றைய வடிவம். சுமார் 2,800 நோயாளிகளுக்கு மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பால்மாவு, எண்ணெய். முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களிடையே இறப்பு ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. நோயாளியின் வீட்டாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்த இடங்களில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 1959ஐ இது பொய்யாக்கவில்லை. அன்று கேட்ட கேள்வி, எங்கே படுக்கவைத்து மருந்து கொடுப்பது என்பது. எலும்பும் தோலுமாக வருகிறவர் மருந்து வேலை செய்யும்வரை பிழைத்திருப்பாரா என்பது வேறு கேள்வி. எங்கள் பாட்டிமார் கன்னத்தைப் பார்த்ததில் பாதி உண்மை இருந்திருக்கிறது.

மற்றப் பாதி வேரியர்-ஜோன்ஸின் கேள்வி, அது இன்னும் அப்படியே கிடக்கிறது. கிருமி போன பிறகும் வடுப்பட்ட நுரையீரல் பலருக்கு மூச்சிரைப்பைத் தருகிறது. பழைய வேலைக்குத் திரும்ப அவர்களுக்குப் பயிற்சியும் வேண்டும், சோறும் வேண்டும். இந்திய அரசு 2018 முதல் காச நோயாளிகளுக்கு உணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. சிகிச்சை நடக்கும் காலத்துக்குத்தான் அந்தப் பணம்.